ஏடிஹெச்டி மாத்திரை இதயத்தை என்ன செய்யும்?

பிள்ளைக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்று உறுதியாகி, டாக்டர் மெத்தில்பெனிடேட் எழுதிக் கொடுத்ததும் வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "இது ஹார்ட்டைப் பாதிக்குமாமே?" நியாயமான கேள்விதான். "ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க" என்பது இதற்குப் பதில் ஆகாது. "வேணவே வேணாம், நிறுத்திடுங்க" என்பதும் ஆகாது. இந்த மாத்திரை நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். பெரும்பாலான பிள்ளைகளின் இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஒரு கோளாறு வெளியே தெரியாமல் இருக்கும் சில பிள்ளைகளுக்கு அது ஆபத்தாகலாம். அந்தச் சிலரை மாத்திரை தொடங்கும் முன்பே அடையாளம் காண்பதுதான் முக்கியமான வேலை. அதற்குப் பெரிய இயந்திரங்களைவிடச் சரியான கேள்விகளும், கைக்குப் பொருந்தும் பிபி பட்டையும், ஒரு நிமிடம் முழுதாக நாடியை எண்ணும் பொறுமையும்தான் அதிகம் உதவும்.

நம் நாட்டில் இந்தக் கோளாறுக்குக் கிடைக்கும் ஊக்கி மருந்து நடைமுறையில் ஒன்றுதான்: மெத்தில்பெனிடேட். இன்ஸ்பிரால், ஆட்வைஸ் போன்ற பெயர்களில் வருகிறது. அமெரிக்காவில் பரவலாகக் கொடுக்கப்படும் ஆம்பெட்டமின் வகை மாத்திரைகள் இங்கே மருந்துக் கடைகளில் கிடையாது. இணையத்தில் படிக்கும் பயமுறுத்தும் செய்திகளில் பல அந்த வகையைப் பற்றியவை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெத்தில்பெனிடேட் வேலை செய்யும் விதம் இது. நரம்பு முனைகள் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு பொருட்களை வெளியிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மாத்திரை அந்த இழுப்பைத் தடுக்கிறது. மூளையின் முன்பகுதியில் இவை கூடுதல் நேரம் தங்குவதால் கவனம் நிலைக்கிறது. ஆனால் நார்அட்ரினலினுக்கு மூளையில் மட்டும் வேலை இல்லை. இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பிகளைத் தொட்டால் துடிப்பு வேகமாகும். ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஆல்ஃபா ஏற்பிகளைத் தொட்டால் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும். கவனத்துக்கு உதவுவதும் படபடப்பைத் தருவதும் ஒரே செயல்தான். அதனால் இதயத்தை அறவே தொடாத ஊக்கி மாத்திரை என்று ஒன்றை எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு ஏறும்? சராசரியாக நிமிடத்துக்கு 3 முதல் 6 துடிப்பு கூடும். மேல் அழுத்தம் 2 முதல் 4 மில்லிமீட்டர் பாதரச அளவு கூடும். மாடிப்படி ஏறினாலே இதைவிட அதிகம் ஏறிவிடும். ஆனால் சராசரி என்பது எல்லாரையும் கலந்து போட்ட கணக்கு. சிலருக்கு ஒன்றுமே ஏறாது. சிலருக்கு 20, 25 துடிப்பு ஏறும். அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்பது அளந்து பார்க்காமல் தெரியாது. ஒவ்வொரு முறையும் அளக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பயம் எங்கிருந்து வந்தது

2005 பிப்ரவரியில் கனடா அரசு, ஆம்பெட்டமின் கலவையான அடரால் எக்ஸ்ஆர் மாத்திரையின் விற்பனையை நிறுத்தி வைத்தது. திடீர் மரணங்கள் குறித்த தகவல்களே காரணம். மறு ஆய்வு செய்து அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்ப அனுமதித்தது. 2006 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒன்று, இந்த மருந்துகளின் அட்டையில் கடுமையான கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட வேண்டும் என்று 8க்கு 7 என்ற வாக்கில் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே குழந்தைகளுக்கான ஆலோசனைக் குழு அது தேவையில்லை என்றது. 2008 ஏப்ரலில் அமெரிக்க இதயச் சங்கம், மாத்திரை தொடங்கும் முன் இசிஜி எடுப்பது பொருத்தமானது என்றது. ஆகஸ்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்று பதில் சொன்னது. டாக்டருக்கு டாக்டர் ஆலோசனை மாறுவதற்கு இந்தப் பழைய கருத்து வேறுபாடும் ஒரு காரணம்.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 2 முதல் 24 வயது வரையிலான 12 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தது. மாரடைப்பு, பக்கவாதம், திடீர் இதய மரணம் மூன்றும் சேர்த்து 81 பேருக்கு மட்டுமே நேர்ந்திருந்தன. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அது கூடுதலாக இல்லை. அதே ஆண்டு 25 முதல் 64 வயதுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வும் அப்படியே சொன்னது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016இல் கொரியாவிலிருந்து வந்த ஆய்வு, மெத்தில்பெனிடேட் சாப்பிடும் நாட்களில் இதயத் துடிப்புச் சீர்கேடு சற்று அதிகம் என்றும், முதல் சில நாட்களில் அது கூடுதல் என்றும், பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளிடம் மிக அதிகம் என்றும் காட்டியது. 2023இன் இறுதியில் வெளியான ஸ்வீடன் ஆய்வு 2,78,027 பேரை 14 ஆண்டு வரை பின்தொடர்ந்தது. மாத்திரை சாப்பிடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இதய, ரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு சராசரியாக 4 சதவீதம் கூடியது. கூடியவற்றில் முக்கியமானவை உயர் ரத்த அழுத்தமும் தமனி நோயும். மெத்தில்பெனிடேட்டில் அந்தக் கூடுதல் தெளிவாகத் தெரிந்தது நாளுக்கு 45 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம்.

இவை ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். முரண் இல்லை. முதல் இரண்டு ஆய்வுகள் திடீரென நேரும் பெரிய ஆபத்துகளை எண்ணின. அது மிக அரிது. கடைசி ஆய்வு, பல ஆண்டுகளில் மெல்ல ஏறும் ரத்த அழுத்தத்தைப் பிடித்தது. அதனால் தொடங்கும்போது ஒரு முறை பார்த்துவிட்டு ஐந்து வருடம் அதே சீட்டில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பது தவறு. ஆண்டுக்கு 4 சதவீதம் கூடுகிறது என்பதற்காக, பாடத்தில் உட்காரவே முடியாத, சாலையில் பார்க்காமல் ஓடி அடிபடுகிற ஒரு பிள்ளைக்கு மாத்திரையை மறுப்பதும் தவறு. மருந்து இல்லாமல் விட்டாலும் பிள்ளை இழப்பது உண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள்

அதிகம் கண்டுபிடித்துத் தருவது இந்தப் பகுதிதான். பத்து நிமிடம் போதும், ஆனால் மேம்போக்காகக் கேட்டால் எதுவும் வராது. "குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிராப்ளம் இருக்கா?" என்றால் எழுபது வயதுத் தாத்தாவின் மாரடைப்பைச் சொல்வார்கள். அது இங்கே பெரிதாக உதவாது. கேட்க வேண்டியது: நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா? தூக்கத்தில் இறந்தவர், விளையாடும்போது சுருண்டு விழுந்தவர், நீச்சல் நன்றாகத் தெரிந்தும் கிணற்றிலோ ஏரியிலோ மூழ்கியவர், சிறு வயதிலேயே போன அத்தை மகன்? "காத்து கருப்பு அடிச்சிட்டுது" என்று ஊரில் பேசி முடித்துவிட்ட மரணங்களில் சில, பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும் நீண்ட க்யூடி நோய்க்குறியின் ஒரு வகையில் நீச்சலே துடிப்பைத் தடுமாற வைக்கும். இன்னொரு வகையில் திடீர்ச் சத்தம், அதாவது பட்டாசு, அலாரம், தூக்கத்தில் அடிக்கும் போன் மணி.

மயக்கத்தைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். பள்ளியில் காலை பிரேயரில் வெயிலில் நின்று கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்த பிள்ளை ஒரு ரகம். பெரும்பாலும் அன்று சாப்பிடாமல் வந்திருக்கும். விழும் முன் தலைசுற்றல், வியர்வை, குமட்டல் இருந்திருக்கும். படுக்க வைத்ததும் தெளிந்திருக்கும். அது இதயக் கோளாறு அல்ல. கபடியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பின்றி விழுந்தால், பயந்தபோதோ சத்தம் கேட்டோ விழுந்தால், அது வேறு ரகம். அந்தப் பிள்ளைக்கு இதய டாக்டர் பார்க்கும்வரை மாத்திரை தொடங்கக் கூடாது. வலிப்பு என்று சொல்லி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும், ஓடும்போது மட்டும்தான் வலிப்பு வருகிறது என்றால், அது வலிப்பாக இல்லாமல் இதயம் தடுமாறி மூளைக்கு ரத்தம் போகாததாக இருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் விட்டுவிடக் கூடாத கேள்வி சொந்தத்தில் திருமணம். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்களின் பிள்ளைகளிடம், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பிழை சேர்ந்தால் மட்டும் வரும் நோய்களுக்கு வாய்ப்பு கூடும். அவற்றில் ஒன்று இந்த மாத்திரைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: பிறவியிலேயே காது கேளாமையும் நீண்ட க்யூடியும் சேர்ந்து வரும் ஜெர்வெல், லாங்கே நீல்சன் நோய்க்குறி. காது கேளாத பிள்ளை வகுப்பில் கவனமில்லாமல், துறுதுறுவென்று இருப்பது சாதாரணம். ஏடிஹெச்டி என்று எண்ணி மாத்திரை எழுதுவதும் நடக்கக்கூடியது. பிறவியில் காது கேளாத பிள்ளைக்கு இசிஜி எடுக்காமல் ஊக்கி மாத்திரை கொடுக்கக் கூடாது. உழைப்பிலும் பதற்றத்திலும் மட்டும் துடிப்பு தடுமாறும் சிபிவிடி என்ற நோயின் ஒரு வகையும் இதே பரம்பரை வழியில் வரும். அதில் படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி சுத்தமாக இருக்கும். டிரெட்மில்லில் ஓட வைத்தால்தான் தெரியும். இசிஜி நார்மல் என்பதால் ஓடும்போது வந்த மயக்கத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மற்றவை சுருக்கமாக: கூட விளையாடும் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு திடீரென்று படபடவென்று அடிக்கத் தொடங்கி, சுவிட்சை அணைத்ததுபோல் திடீரென்று நிற்கிறதா, மூட்டு வீங்கி, பென்சிலின் ஊசி போட்ட வரலாறு, அதாவது வாதக் காய்ச்சல் இருந்ததா, இதயத்தில் ஓட்டை என்று சிறு வயதில் யாராவது சொன்னார்களா. கடைசிக் கேள்விக்குப் பழைய ஓபி சீட்டுகளைத் தேடி எடுத்துவரச் சொல்வது நல்லது. அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் குழுவின் பட்டியலில் பிறவி இதயக் கோளாறும் வாத இதய நோயும் இருக்கின்றன. அவர்கள் எழுதிக் கொடுத்த அட்டை வீட்டில் எங்காவது கிடக்கும்.

கேள்விக்குப் பிறகு பரிசோதனை. ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பு ஒலி இருக்கிறதா, படுத்தபோதும் நின்றபோதும் கேட்க வேண்டும். நிற்கும்போது கூடும் ஒலி, இதயத் தசை தடித்த நோயைக் குறிக்கலாம். தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையில் பிபி அதிகம், தொடையில் நாடி மெலிவு என்றால் பெருந்தமனிச் சுருக்கம் இருக்கலாம். சில நொடி வேலை. அவசர ஓபியில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

இசிஜி யாருக்கு, அதில் எங்கே ஏமாறுவோம்

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018இல் சொன்னது நடைமுறைக்கு ஏற்றது: வரலாறும் பரிசோதனையும் சுத்தமாக இருந்து, இதயத்தைப் பாதிக்கும் வேறு மருந்தும் இல்லை என்றால் இசிஜி கட்டாயம் இல்லை. மேலே சொன்ன கேள்விகளில், சொந்தத்தில் திருமணம் தவிர, ஒன்றுக்காவது ஆமாம் என்ற பதில் வந்தால் இசிஜி மட்டும் போதாது, இதய டாக்டர் பார்க்க வேண்டும். சொந்தத்தில் திருமணம் நடந்து, குடும்ப வரலாறு சரியாகத் தெரியாத வீடுகளில் ஒரு இசிஜி எடுத்துவிடுவது நல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து. செலவு குறைவு, வலி இல்லை.

ஆனால் எடுத்த இசிஜியைப் பெரியவர்கள் கணக்கில் படிக்கக் கூடாது. பெரியவர்களுக்கென்று அமைத்த இயந்திரத்தில் பிள்ளையின் வயதைப் பதியாமல் எடுத்தால், நெஞ்சில் ஒட்டும் வி1 முதல் வி3 வரையிலான முனைகளில் டி அலை தலைகீழாக இருப்பதைப் பார்த்து இஸ்கீமியா, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று அச்சடித்துத் தரும். பிள்ளைகளுக்கு அது இயல்பு. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு வீடே தூங்காமல் கிடக்கும்.

இன்னொரு பொறி க்யூடிசி, அதாவது துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி அளவு. இயந்திரம் பயன்படுத்தும் பாசெட் கணக்கு, துடிப்பு வேகமாக இருக்கும்போது எண்ணை ஊதிப் பெரிதாக்கும். பயந்துபோன பிள்ளைக்கு நாடி 130, க்யூடி 310 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். பாசெட் கணக்கில் 456 வரும். 460க்கு மேல் சந்தேகப்பட வேண்டும் என்பதால் எல்லைக்கோட்டிலேயே வந்து நிற்கிறது. அதே பிள்ளைக்கு ஃபிரிடெரிசியா என்ற இன்னொரு கணக்கில் 401தான். பிள்ளையைப் பத்து நிமிடம் உட்கார வைத்து, பயம் தெளிந்து நாடி இறங்கிய பிறகு மறுபடி எடுத்தால் குழப்பம் தீரும். இவற்றைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பிஆர் இடைவெளி (மின்னோட்டம் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் நேரம்) குறுகி, க்யூஆர்எஸ் (கீழறை துடிப்பதைக் காட்டும் கூர்மையான அலை) தொடக்கத்தில் சரிவாக ஏறும் டெல்டா அலை. அது உல்ஃப் பார்க்கின்சன் ஒயிட் என்ற கூடுதல் மின்பாதையின் அடையாளம்.

அளக்கும் முறை

நாடியும் பிபியும் மாத்திரை தொடங்கும் முன் ஒரு முறை, ஒவ்வொரு முறை அளவு மாற்றும் முன்னும் பின்னும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். உயரமும் எடையும் கூடவே. ஆறு மாதம் என்பது மறந்துபோகும்; பள்ளி திறக்கும் ஜூனிலும் அரையாண்டுத் தேர்வு முடியும் டிசம்பரிலும் என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, வரிசையில் நின்று வந்த சூட்டோடு அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. வேலூர் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் குடிக்காத பிள்ளையின் நாடி மாத்திரை இல்லாமலே ஏறியிருக்கும். தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும். பேசக் கூடாது. வலது கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைக்க வேண்டும்.

பட்டைதான் அதிகம் தவறும் இடம். தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் டேப்பால் கையின் சுற்றளவை அளக்க வேண்டும். உள்ளே காற்று அடைக்கும் பையின் அகலம் அந்தச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 சதவீதம் சுற்றி வர வேண்டும். ஒல்லியான எட்டு வயதுப் பிள்ளையின் கை 17 சென்டிமீட்டர் இருக்கும். அதற்கு 16 முதல் 21 சென்டிமீட்டருக்கான குழந்தைப் பட்டை வேண்டும். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய இயந்திரத்தின் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டி, இருக்கும் பிரச்சினையை மறைக்கும். பருமனான பதின்வயதுப் பையனுக்குச் சின்னப் பட்டையைப் போட்டால் இல்லாத பிபியைக் காட்டும்.

நாடியைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. ஓர் எண் தவறினால் நான்கு தவறும். இடையில் ஒரு துடிப்பு விடுபடுவதும் தெரியாது. அறுபது நொடியும் எண்ண வேண்டும். மாத்திரைக்கு முன் ஒரு முறை. சாதாரண மாத்திரை என்றால் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் இன்னொரு முறை, ஏனென்றால் ரத்தத்தில் அதன் உச்சம் அப்போதுதான். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட மாத்திரைக்கு மாலை ஐந்து மணிக்கு டாக்டரிடம் அளந்தால், அதன் வேலை முடிந்த பிறகு அளக்கிறோம். ஒரு நோட்டில் தேதி, மாத்திரை நேரம், அளவு, அளந்த நேரம், நாடி, பிபி, எடை என்று எழுதி வந்தால், அடுத்த முறை டாக்டர் அறையில் யூகம் தேவைப்படாது.

எந்த எண்ணுக்குக் கவலைப்பட வேண்டும்? பள்ளி வயதுப் பிள்ளை விழித்து ஓய்வாக இருக்கும்போது நாடி 75 முதல் 118 வரை இயல்பு. ஓய்விலும் 120க்கு மேல் நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு பிபி 108/72ஐ எட்டினால் வயது, உயர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதிமூன்று வயதுக்கு மேல் 130/80 என்பது உயர் அழுத்தத்தின் முதல் படி. ஒரே அளவீட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வேறொரு நாளும் அதே கதை என்றால் அளவைக் குறைக்க வேண்டும், இதய டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையைக் குற்றம் சொல்லும் முன் காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி பத்துக்குக் குறையாமல் ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பிள்ளை துறுதுறுவென்று, கவனமின்றி, படபடப்போடு இருக்கும். அதற்கு ஊக்கி மாத்திரை கொடுக்கவே கூடாது.

தொடக்கம் 5 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. தேவைப்பட்டால் மதியம் இன்னொன்று. வாரத்துக்கு 5 அல்லது 10 மில்லிகிராம் என்றுதான் ஏற்ற வேண்டும், நாளுக்கு 60ஐத் தாண்டக் கூடாது. "பரீட்சை வருது, ரெண்டா கொடுத்துடுவோம்" என்று வீட்டிலேயே ஏற்றுவது நாடி எகிறுவதற்கு ஒரு காரணம். மெல்ல மெல்ல வெளிவரும் எஸ்ஆர் மாத்திரையை விழுங்கத் தெரியாத பிள்ளைக்குப் பொடித்துக் கொடுப்பது இன்னொன்று. எட்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். பசியைக் குறைக்கும் மாத்திரை என்பதால் காலையில் அரை இட்லியோடு எழுந்துவிடும் பிள்ளை பிரேயரில் மயங்கி விழும்; அதை இதயம் என்று பயந்து மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. முதலில் சாப்பாடு, பிறகு மாத்திரை என்று மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும்.

கூடச் சேரும் மருந்துகள்

சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிரப்புகளிலும் மாத்திரைகளிலும் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். மூக்கடைப்பைத் திறக்க ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து அது; மெத்தில்பெனிடேட்டோடு சேர்ந்தால் பிபி இரட்டை வழியில் ஏறும். அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும். இழுப்புக்குக் கொடுக்கும் சால்புட்டமால், டெரிபிலின் இரண்டும் நாடியை ஏற்றும். ஆஸ்துமாவுக்குத் தேவையானதை நிறுத்தக் கூடாது, ஆனால் அந்த நாட்களில் எண்ணிப் பார்க்க வேண்டும். படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்கு இமிப்ரமின் எழுதியிருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது தனியாகவே இதயத்தின் மின்னோட்டத்தைத் தொடும் மருந்து. கல்லூரி விடுதியில் இருக்கும் பெரிய பிள்ளைகள், மாத்திரையும் எனர்ஜி டிரிங்க்கும் இரவு முழுக்க விழிப்பும் சேர்த்துக்கொண்டால் நெஞ்சு படபடப்பது தவிர்க்க முடியாதது.

இதயத்துக்குப் பயந்து, ஏடிஹெச்டிக்கான இன்னொரு மருந்தான அடோமாக்செட்டினுக்கு மாறும் குடும்பங்கள் உண்டு. அது ஊக்கி மாத்திரை அல்ல என்பது உண்மை. இதயத்தைத் தொடாது என்பது உண்மை அல்ல. நார்அட்ரினலினைத்தான் அதுவும் பிடிக்கிறது, நாடியையும் பிபியையும் அதுவும் ஏற்றுகிறது. அதைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்களிடமும், ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கூடச் சாப்பிடுபவர்களிடமும் அது ரத்தத்தில் பல மடங்கு தேங்கும். அளக்கும் கடமை அதற்கும் அப்படியே உண்டு. குளோனிடின் எதிர்ப்பக்கம்: நாடியையும் பிபியையும் இறக்கும். தூக்கமில்லாத பிள்ளைகளுக்கு இரவில் கொடுக்கிறார்கள். அதில் ஆபத்து, தீர்ந்துபோனதும் வாங்காமல் விடுவதில்தான். திடீரென நிறுத்தினால் பிபி குபுக்கென்று ஏறும். மெத்தில்பெனிடேட்டை ஒரு நாள் விட்டால் அந்தப் பயம் இல்லை.

மெத்தில்பெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து. தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆம்பூரிலிருந்தோ ஆரணியிலிருந்தோ வருபவர்கள் இந்தச் சீட்டை வாங்கும் நாளையே நாடி, பிபி பார்க்கும் நாளாக வைத்துக்கொண்டால் இரண்டு பயணம் ஒன்றாகும்.

இதயத்தில் அறுவை செய்த பிள்ளைகள்

1961இல் இந்தியாவின் ஆரம்பகாலத் திறந்த இதய அறுவை சிகிச்சைகள் நடந்த ஊர் இது; இன்றும் ஓட்டை அடைத்த, வால்வு சரிசெய்த பிள்ளைகள் வேலூரைச் சுற்றி நிறைய வளர்கிறார்கள். பெரிய அறுவை சிகிச்சைக்கு ஆளான பிள்ளைகளிடம் கவனக்குறைவு மற்றவர்களைவிட அதிகம் என்பது தெரிந்த விஷயம். அவர்களுக்கு மாத்திரையே கூடாது என்று கதவைச் சாத்துவது சரியல்ல. சின்ன ஓட்டை முழுதாக மூடி, எக்கோ சுத்தமாக இருக்கும் பிள்ளைக்கும், துடிப்புச் சீர்கேடு மிச்சமிருக்கும் பிள்ளைக்கும் பதில் வேறு. பிள்ளை மனநல டாக்டரும் இதய டாக்டரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி முடிவெடுக்க வேண்டும். இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில் பெற்றோர் வாய்மொழியாகச் செய்தி தூக்கிக்கொண்டு அலைவது போதாது. தொடங்கிய முதல் வாரம் பிள்ளை வெளியூர் போகாமல் இருப்பது நல்லது. கொரிய ஆய்வில் ஆபத்து குவிந்திருந்தது அந்த நாட்களில்தான்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பது, நாற்பது வயதில் ஏடிஹெச்டி என்று தெரிந்து மாத்திரை தொடங்குபவர்களிடம் கண்டுபிடிக்காத பிபியும் சர்க்கரையும் ஏற்கெனவே இருக்கலாம். 140/90க்கு மேல் என்றால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் இது. கைவிரல் நுனி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அதையும் சொல்ல வேண்டும். விரல் ரத்தக் குழாய் சுருங்குவது இந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு.

எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்பு மயக்க மருந்து டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். சில மயக்க வாயுக்களோடு சேர்ந்தால் பிபி திடீரென ஏறும் என்பதால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. மாத்திரை சாப்பிடும் பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்தாலும், நெஞ்சு வலி என்று உட்கார்ந்துவிட்டாலும், தம்பியோ தங்கையோ டப்பாவைத் திறந்து பல மாத்திரைகளை விழுங்கிவிட்டாலும் நாளை ஓபிக்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, அருகில் உள்ள அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும்.